காற்று பிரேக் (தொடர்வண்டி)

காற்று பிரேக் என்பது அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு தொடர்வண்டியின் எல்லாப் பெட்டிகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிறுத்தும் அமைப்பு ஆகும். தொடர்வண்டிப் பணியாளர் இதனை ஏர் பிரேக் என்றே வழங்குவர். அமெரிக்கப் பொறியாளர் சார்ச்சு வெசுட்டிங்கவுசு (1846–1914) 1869-ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1872-இல் அவர் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக்கின் அடிப்படைக் கொள்கையே இன்றும் உலகின் பெரும்பாலான தொடர்வண்டிகளில் பயன்படுகின்றது.

குழாய் அறுந்தாலும், வண்டி இரண்டாகப் பிரிந்தாலும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பது இவ்வமைப்பின் சிறப்பு. பழுது ஏற்படும்போது ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயுமாறு ஒரு கருவியை அமைப்பது பழுதுகாப்பு வடிவமைப்பு எனப்படும். காற்று பிரேக் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் கூறப்படுவது உண்டு. எனினும் இவ்வமைப்பைக் கொண்ட வண்டிகளும் பெரும் விபத்துகளுக்கு உள்ளாகியுள்ளன. ஒரு கருவியின் வடிவமைப்பை எந்த அளவு நம்பலாம், எந்த இடத்தில் அந்த நம்பிக்கை முடிந்து பணியாளரின் செயல் தொடங்க வேண்டும் என்பதை இவ்விபத்துகள் காட்டுகின்றன. இதனால் காற்று பிரேக்கின் வரலாறு பணியிடப் பாதுகாப்புப் பண்பாட்டின் வரலாற்றுடன் பிணைந்துள்ளது.

காற்று பிரேக்கிற்கு முந்தைய நிலை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே கை பிரேக் மட்டுமே இருந்தது. அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் பிரேக் பணியாளர் என்போர் ஓடும் பெட்டிகளின் கூரை மீது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சென்று, அங்குள்ள சக்கரத்தைச் சுழற்றி பிரேக்கை இறுக்கினர். மழையிலும் பனியிலும் இரவிலும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. கூரையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தோரும், பெட்டிகளைக் கொக்கியால் இணைக்கும்போது விரல்களையும் கைகளையும் இழந்தோரும் பலர்.

அக்காலத்தில் இவை தொழிலின் இயல்பான இடர்களாகவே கருதப்பட்டன. அந்த எண்ணம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 2 அன்று அமெரிக்காவில் தொடர்வண்டிப் பாதுகாப்புக் கருவிகள் சட்டம் கையெழுத்தானது. காற்று பிரேக்கையும் தானியங்கி இணைப்பியையும் கட்டாயமாக்கிய இச்சட்டம், தன் முழுப்பெயரில் பயணிகளுக்கு முன்பாகப் பணியாளரின் பாதுகாப்பைக் குறிப்பிடுகின்றது.

செயற்படும் முறை

வெசுட்டிங்கவுசின் முதல் வடிவம் நேர்வகைக் காற்று பிரேக் எனப்பட்டது. ஓட்டுநர் வால்வைத் திறந்தால் எஞ்சினிலிருந்து காற்று குழாய் வழியே சென்று ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள பிரேக் உருளையின் உந்துதண்டைத் தள்ளும். பிரேக் கட்டைகள் சக்கரங்களை அழுத்தும். இதில் ஒரு பெருங்குறை இருந்தது. குழாய் எங்கேனும் அறுந்துவிட்டால் வண்டி முழுவதும் பிரேக் இல்லாமற் போகும். பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைக்காது.

1872-இல் வந்த தானியங்கி வகை இந்த முறையைத் தலைகீழாக மாற்றியது. இதில் ஒவ்வொரு பெட்டியிலும் பின்வரும் உறுப்புகள் உள்ளன.

• பிரேக் குழாய்: வண்டியின் முழு நீளத்திற்கும் செல்லும் குழாய். பெட்டிகளுக்கு இடையே இரப்பர்க் குழாய்களால் இணைக்கப்படும்.
• துணைத் தேக்கம்: அந்தந்தப் பெட்டிக்குத் தேவையான காற்றைச் சேமித்து வைக்கும் கலம்.
• பிரேக் உருளை: காற்றின் அழுத்தத்தை உந்துவிசையாக மாற்றி, நெம்புகோல்கள் வழியே பிரேக் கட்டைகளை இயக்குவது.
• மூவினை வால்வு: தேக்கத்தை நிரப்புதல், பிரேக்கைப் பிடித்தல், பிரேக்கை விடுதல் ஆகிய மூன்று வினைகளையும் செய்வது. இதன் வளர்ச்சியடைந்த வடிவங்கள் பகிர்வு வால்வு என அழைக்கப்படுகின்றன.

வண்டி ஓடும்போது பிரேக் குழாயில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். இந்திய இரயில்வேயில் இது சதுர செ.மீ.க்கு 5 கிலோகிராம் ஆகும். ஓட்டுநர் குழாயிலிருந்து காற்றைச் சிறிது வெளியேற்றினால் அழுத்தம் குறைகின்றது. அக்குறைவை உணரும் வால்வு, பெட்டியின் சொந்தத் தேக்கத்திலிருந்து காற்றை பிரேக் உருளைக்குள் விடுகின்றது. மீண்டும் குழாயில் அழுத்தத்தை ஏற்றினால் உருளையிலுள்ள காற்று வெளியேறி பிரேக் விடுபடும். சுருங்கக் கூறின், குழாயில் காற்று இருந்தால் வண்டி ஓடும்; காற்று போனால் வண்டி நிற்கும். குழாய் அறுவதும் பெட்டிகள் பிரிவதும் அழுத்தத்தைத் திடீரெனக் குறைப்பதால் அவையும் பிரேக்கைப் பிடிக்கும் கட்டளைகளாகவே அமைகின்றன. பயணிகள் இழுக்கும் அபாயச் சங்கிலியும் இவ்வாறே குழாயின் காற்றை வெளியேற்றுகின்றது.

பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் வெற்றிட பிரேக் பயன்பட்டது. அதில் அழுத்தத்திற்குப் பதிலாக வெற்றிடம் பேணப்படும்; வெற்றிடம் கெட்டால் பிரேக் பிடிக்கும். வளிமண்டல அழுத்தமே அதன் உச்ச விசையாதலால் நீண்ட, கனமான வண்டிகளுக்கு அது போதவில்லை. எனவே இந்திய இரயில்வே படிப்படியாகக் காற்று பிரேக்கிற்கு மாறியது.

ஆர்மா விபத்தும் சட்டமும்

தானியங்கி பிரேக்கின் தேவையை ஐரோப்பாவிற்கு உணர்த்தியது 1889-ஆம் ஆண்டு சூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே நடந்த விபத்து ஆகும். ஞாயிறு பள்ளிச் சிறுவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் சென்ற சுற்றுலா வண்டி ஏற்றம் ஒன்றில் ஏற முடியாமல் நின்றது. அதில் இருந்தது தானியங்கி அல்லாத எளிய வெற்றிட பிரேக். அதாவது எஞ்சினுடன் இணைந்திருக்கும் வரை மட்டுமே அது வேலை செய்யும்.

முன்பாதியை மட்டும் முதலில் கொண்டு செல்லலாம் என முடிவு செய்த பணியாளர் வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பிரிந்த கணமே பின்பாதியில் பிரேக் இல்லாமற் போனது. கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே அதனைத் தாங்கி நின்றன. முன்பாதி புறப்படும்போது சிறிது பின்வாங்கி இடித்ததில் கற்கள் நொறுங்கின. பெட்டிகள் இறக்கத்தில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியில் மோதின. சுமார் 80 பேர் இறந்தனர். அவர்களுள் சிறுவர்கள் பலர்.

தானியங்கி பிரேக் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகக் கிடைத்து வந்தது. செலவைக் காரணம் காட்டித் தயங்கிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இல்லை. விபத்து நடந்த அதே ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய இருப்புப்பாதை ஒழுங்குமுறைச் சட்டம், பயணியர் வண்டிகள் அனைத்திலும் தொடர்ச்சியான தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்க வழிசெய்தது.

வடிவமைப்பின் எல்லைகள்

தானியங்கிக் காற்று பிரேக் எல்லாப் பழுதுகளிலிருந்தும் காப்பதில்லை. அதன் பாதுகாப்பு பின்வரும் எல்லைகளுக்கு உட்பட்டது.

• காலம்: தேக்கங்களிலும் உருளைகளிலும் உள்ள காற்று மெல்லக் கசியும். எஞ்சினிலுள்ள கம்பிரசர் ஓடாவிட்டால், பிடித்திருக்கும் பிரேக்கும் சில மணி நேரத்தில் தளரக்கூடும். கடுங்குளிரில் இரப்பர் அடைப்புகள் விறைப்பதால் கசிவு மிகும்.
• கசிவின் வேகம்: வால்வு, அழுத்தம் குறையும் வேகத்தை உணர்ந்தே செயற்படுகின்றது. மிக மெதுவான கசிவு பிரேக்கைத் தூண்டாமலேயே முழு அமைப்பையும் வெறுமையாக்கிவிடலாம்.
• மூடிய குழாய்: பெட்டிகளுக்கு இடையேயுள்ள திருகு வால்வு தவறுதலாக மூடப்பட்டால், அதற்குப் பின்னுள்ள பெட்டிகளுக்கு ஓட்டுநரின் கட்டளை சென்று சேராது.
• அடுத்தடுத்த பயன்பாடு: நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பிடித்து விட்டால், தேக்கங்கள் மீண்டும் நிரம்பப் போதிய நேரம் கிடைக்காது.

ஆகவே காற்று பிரேக் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கான கருவி. நின்ற வண்டியை நெடுநேரம் பிடித்து வைப்பதற்கான கருவி அன்று. பின்னதற்குக் காற்றின் துணையின்றிச் சங்கிலியாலும் நெம்புகோலாலும் கட்டைகளை இறுக்கும் கை பிரேக்கே உரியது. பார்வைக்கு இரண்டும் ஒரே விளைவையே தருகின்றன. வண்டி அசையாமல் நிற்கின்றது. எதனால் நிற்கின்றது என்பது வெளியே தெரிவதில்லை. பின்வரும் விபத்துகளுள் சிலவற்றின் வேர் இதுவே.

கார் தெ லியோன் விபத்து, 1988

1988-ஆம் ஆண்டு சூன் 27 அன்று பாரிசு நகரின் கார் தெ லியோன் நிலையத்தில் புறநகர் வண்டி ஒன்று நின்றிருந்த வண்டியின் மீது மோதியதில் 56 பேர் இறந்தனர். வழியில் ஒரு பயணி அபாயக் கைப்பிடியை இழுத்ததால் வண்டி நின்றிருந்தது. அதனைச் சரிசெய்ய முயன்றபோது ஓட்டுநர் முதற்பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையிலிருந்த பிரேக் குழாய் வால்வை அறியாமல் மூடிவிட்டார். பின்பெட்டிகளுக்குக் காற்று செல்லாததால் அவற்றின் பிரேக்குகள் விடவே இல்லை.

கருவி இங்கு சரியாகவே செயற்பட்டது. குழாய் அடைபட்டுள்ளது என்பதை விடாத பிரேக்குகள் அறிவித்துக்கொண்டிருந்தன. ஆனால் குழாயில் காற்றடைப்பு ஏற்பட்டுவிட்டதாக எண்ணிய பணியாளர், பின்பெட்டிகளின் பிரேக் காற்றைக் கையால் வெளியேற்றி வண்டியை விடுவித்தனர். அதன்பின் முதற்பெட்டி தவிர மற்றவற்றில் பிரேக் இல்லை. ஓட்டுநர் அறையின் அழுத்தமானியோ மூடிய வால்வுக்கு முன்னுள்ள அழுத்தத்தையே காட்டியதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. தாமதத்தை ஈடுகட்ட இடையிலிருந்த நிலையத்தில் நிற்காமல் செல்லுமாறு வண்டிக்குக் கூறப்பட்டது. அங்கு நின்றிருந்தால் பிரேக்கின் குறை முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

லாக்-மெகாந்திக் விபத்து, 2013

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள லாக்-மெகாந்திக் நகரில் 2013-ஆம் ஆண்டு சூலை 6 அன்று அதிகாலை நடந்த விபத்து, வடிவமைப்பின் மீதுள்ள நம்பிக்கையும் நிறுவனத்தின் பழக்கங்களும் சேர்ந்து எவ்வாறு பேரழிவாகின்றன என்பதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

மொன்றியல், மேய்ன் அண்ட் அட்லாண்டிக் இரயில்வே நிறுவனத்தின் வண்டி ஒன்று 72 தொட்டிப் பெட்டிகளில் சுமார் 77 இலட்சம் லிட்டர் கச்சா எண்ணெயை ஏற்றிச் சென்றது. ஒரே ஒரு ஓட்டுநர் மட்டுமே பணியில் இருந்தார். சூலை 5 இரவு, நகருக்கு மேலே நான்ட் என்னும் இடத்தில், 1.2 விழுக்காடு சரிவு கொண்ட முதன்மைப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் ஓய்வுக்குச் சென்றார். ஐந்து எஞ்சின்களிலும் வேறு இரண்டு பெட்டிகளிலும் என மொத்தம் ஏழு கை பிரேக்குகள் இறுக்கப்பட்டிருந்தன. காற்றைப் பேணுவதற்காக முன் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கை பிரேக்குகள் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டும் என்பதும், அதனைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பதும் விதி. ஆனால் அச்சோதனையின்போது எஞ்சின்களின் காற்று பிரேக் விடுவிக்கப்படவில்லை. வண்டி அசையவில்லை, ஆகவே கை பிரேக்குகள் போதும் என்று தோன்றியது. உண்மையில் காற்றும் சேர்ந்தே வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் நடத்திய சோதனைகளின்படி, கையால் இறுக்கும் விசையைப் பொறுத்து 17 முதல் 26 வரையிலான கை பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும்.

ஓட்டுநர் சென்ற பின் முன் எஞ்சினில் தீப்பிடித்தது. 2012 அக்டோபரில் அந்த எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டபோது, உரிய முறைக்கு மாறாக, ஒட்டுப்பொருள் ஒன்றைக் கொண்டு வேலை முடிக்கப்பட்டிருந்தது. நீடித்து உழைக்கும் வலிமை இல்லாத அப்பொருள் சிதைந்ததே தீக்குக் காரணமாயிற்று. தீயணைப்பு வீரர்கள் எஞ்சினை நிறுத்தித் தீயை அணைத்தனர். அங்கு வந்த நிறுவன ஊழியருக்கு எஞ்சின் பற்றிய பயிற்சி இல்லை. மற்றொரு எஞ்சின் இயக்கப்படவும் இல்லை. கம்பிரசர் நின்றதால் காற்று மெல்லக் கசிந்தது. அக்கசிவு பெட்டிகளின் பிரேக்கைத் தூண்டும் அளவுக்கு வேகமாக இல்லை. எஞ்சின் நின்றால் தானே பிரேக் பிடிக்குமாறு அமைத்திருக்கக்கூடிய பாதுகாப்புச் சுற்றும் அவ்வாறு இணைக்கப்பட்டிருக்கவில்லை.

அதிகாலை 1 மணிக்குச் சற்று முன் வண்டி ஆளின்றி நகரத் தொடங்கியது. சுமார் 11.6 கி.மீ. உருண்டு, மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் நகரின் மையப்பகுதியில் தடம்புரண்டது. 63 தொட்டிப் பெட்டிகள் கவிழ்ந்து, சுமார் 60 இலட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி எரிந்தது. 47 பேர் உயிரிழந்தனர்.

2014 ஆகத்தில் வெளியான வாரியத்தின் அறிக்கை ஒரே காரணத்தைக் கூறாமல் 18 காரணங்களைப் பட்டியலிட்டது. நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு வலுவற்றது என்றும், பாதுகாப்பு மேலாண்மை முறை செயலில் இல்லை என்றும், அரசின் போக்குவரத்துத் துறை போதிய அளவு தணிக்கை செய்யவில்லை என்றும் அது குறிப்பிட்டது. குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் உட்பட மூன்று முன்னாள் பணியாளர்களை 2018 சனவரியில் நடுவர் குழு விடுவித்தது.

பீல்டு விபத்து, 2019

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணத்தில் பீல்டு என்னும் ஊருக்கு அருகே தானியம் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று, செங்குத்தான மலை இறக்கத்தில் அவசர பிரேக்கில் நிறுத்தப்பட்டது. கை பிரேக்குகள் இறுக்கப்படவில்லை. கடுங்குளிரில் உருளைகளின் காற்று கசிந்து, சில மணி நேரத்தில் வண்டி தானே நகர்ந்தது. அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த மூன்று பணியாளர்களும் இறந்தனர்.

அந்த மலைப்பாதையில் குளிர்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை எனப் பணியாளர்கள் பல ஆண்டுகளாக எழுத்து மூலம் அறிவித்து வந்தமை விசாரணையில் தெரியவந்தது. அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன, நிலைமை மாறவில்லை. விபத்துக்குச் சில நாட்களின் பின், மலை இறக்கத்தில் அவசர பிரேக்கால் நின்ற வண்டிகளுக்குக் கை பிரேக்கைக் கட்டாயமாக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

பாதுகாப்புப் பண்பாடு

பாதுகாப்புப் பண்பாடு என்னும் சொல்லாட்சி 1986-ஆம் ஆண்டின் செர்னோபில் அணு உலை விபத்திற்குப் பின் பன்னாட்டு அணுசக்தி முகமையின் அறிக்கைகள் வழியே பரவியது. எழுதப்பட்ட விதிகளைக் காட்டிலும், யாரும் பார்க்காதபோது ஒரு பணியிடத்தில் உண்மையில் என்ன நடக்கின்றது என்பதையே இது குறிக்கின்றது. பிரித்தானிய உளவியலாளர் சேம்சு ரீசன் நல்ல பாதுகாப்புப் பண்பாட்டின் கூறுகளாகப் பின்வருவனவற்றை விளக்கினார்.

• அறிந்த பண்பாடு: அமைப்பின் இடர்கள் எவை என்பதை அதனை நடத்துவோர் அறிந்திருத்தல்.
• அறிவிக்கும் பண்பாடு: குறைகளையும் தவறுகளையும் பணியாளர் அச்சமின்றித் தெரிவித்தல்.
• நேர்மையான பண்பாடு: இயல்பான தவறையும் பொறுப்பற்ற செயலையும் வேறுபடுத்திப் பார்த்தல்.
• நெகிழ்வான பண்பாடு: நெருக்கடியில் பதவியைவிடத் துறையறிவுக்கு முதலிடம் கொடுத்தல்.
• கற்கும் பண்பாடு: கிடைத்த தகவலிலிருந்து பாடம் கற்று மாற்றங்களைச் செய்தல்.

மேற்கூறிய விபத்துகளில் இக்கூறுகள் இல்லாமையைக் காணலாம். நான்ட்டில் காற்று பிரேக்கை விடுவிக்காமல் செய்த சோதனை, சோதனையின் வடிவத்தைக் கொண்டிருந்தது. அதன் பொருளைக் கொண்டிருக்கவில்லை. பீல்டில் அறிவிக்கும் பண்பாடு இருந்தது; கற்கும் பண்பாடு இல்லை. ஒரு குறுக்குவழி பலமுறை தீங்கின்றி முடியும்போது அதுவே விதி போல நிலைபெற்றுவிடுகின்றது. அமெரிக்கச் சமூகவியலாளர் டயான் வாகன், 1986-இல் நடந்த சேலஞ்சர் விண்ணோட விபத்தை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பிறழ்வு இயல்பாதல் என விளக்கினார்.

நம்பிக்கை இருவகையில் தவறலாம். கருவியால் இயலாததை அதனிடம் எதிர்பார்ப்பது மிகை நம்பிக்கை. லாக்-மெகாந்திக்கில் கசியும் காற்றை நம்பியது இவ்வகை. கருவி தரும் சரியான எச்சரிக்கையைப் பழுது எனத் தள்ளுவது குறை நம்பிக்கை. பாரிசில் பிரேக்குகளின் காற்றை வெளியேற்றியது இவ்வகை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கருவி எவ்வாறு செயற்படுகின்றது, எதுவரை செயற்படும் என்னும் அறிவு பணியாளரைச் சென்றடையவில்லை. ஆகவே பயிற்சியில் கைப்பிடியை எப்போது திருப்புவது என்பதுடன், திருப்பினால் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதையும் கற்பிப்பது தேவையாகின்றது.

நடைமுறைச் சோதனைகள்

இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறைகள் இவ்விபத்துகளின் படிப்பினைகளைக் கொண்டுள்ளன.

• தொடர்ச்சிச் சோதனை: புறப்படும் முன் எஞ்சினில் பிரேக் பிடிக்கப்பட்டு, குழாயின் அழுத்தம் கடைசிப் பெட்டியிலும் குறைகின்றதா எனப் பார்க்கப்படும். இடையில் வால்வு மூடியிருந்தால் இதில் தெரிந்துவிடும். இந்தியாவில் 2022 முதல் இரயில் மேலாளர் என அழைக்கப்படும் கார்டு இதில் பங்கு கொள்கின்றார்.
• கசிவுச் சோதனை: குழாய்க்குக் காற்று செல்வதை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு அழுத்தம் குறைகின்றது என அளக்கப்படும்.
• கை பிரேக் சோதனை: காற்று பிரேக்குகளை விடுவித்த பின், கை பிரேக்குகள் மட்டும் வண்டியைத் தாங்குகின்றனவா எனப் பார்க்கப்படும்.
• நிலைநிறுத்தல்: நெடுநேரம் நிற்கும் வண்டிகளில் கை பிரேக்குடன் சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்தலும், சக்கரத்தைத் தண்டவாளத்துடன் சங்கிலியால் பிணைத்தலும் இந்தியாவில் வழக்கத்தில் உள்ளன.

லாக்-மெகாந்திக் விபத்திற்குப் பின் 2013 சூலை 23 அன்று கனடா அரசு பிறப்பித்த அவசர ஆணை, ஆபத்தான பொருள்கள் ஏற்றிய தொட்டிப் பெட்டிகளைக் கொண்ட வண்டியில் குறைந்தது இருவர் பணியில் இருக்க வேண்டும் என்றும், அவற்றை முதன்மைப் பாதையில் ஆளின்றி விடக்கூடாது என்றும் கூறியது.

இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று சம்மு பகுதியின் கத்துவா நிலையத்தில் ஓட்டுநர் மாற்றத்திற்காக நிறுத்தப்பட்ட சரக்கு வண்டி ஒன்று, ஆளின்றிச் சுமார் 70 கி.மீ. ஓடி பஞ்சாபில் நிறுத்தப்பட்டது. பாதையிலிருந்த மற்ற வண்டிகள் முன்கூட்டியே அகற்றப்பட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. வெசுட்டிங்கவுசின் கண்டுபிடிப்புக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும், நின்ற வண்டியைப் பிணைத்து வைப்பது பணியாளரின் கைகளையே சார்ந்துள்ளது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இவற்றையும் பார்க்க

• வெற்றிட பிரேக்
• பழுதுகாப்பு வடிவமைப்பு
• தொழிற் பாதுகாப்பு
• சார்ச்சு வெசுட்டிங்கவுசு